மேஜைக்கு அந்தப் பக்கம்

தெய்வநாயகத்துக்கு ஐம்பத்தைந்து வயது. அவருடைய குரு மரகதவல்லி அம்மாவுக்கு நாற்பதுதான். அதனால் குரு சீடரை 'வாத்தியாரே' என்பார், சீடர் குருவை 'அம்மா' என்பார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

எத்தியோப்பியாவில் ஒரு மலையூர்க் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்து தெய்வநாயகத்துக்கு இது இரண்டாவது வருஷம். அம்மா இருப்பது தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடத்தில். சந்தேகம் வந்தால் இவர் செல்போனில் வீடியோ போட்டுக் கேட்டுக்கொள்வார்.

அன்றைக்குக் காலையில் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன வாத்தியாரே, சாப்பிடலையா?"

"அல்மாஸ்னு ஒரு பொண்ணும்மா. ரெண்டு வருஷமா என் கிளாஸ், கணக்குல புலி. இப்ப வந்து, படிப்பே வேணாம், மத்தியான பஸ்ல ஊருக்குப் போறேங்குறா. உள்ள வா, உட்கார்ந்து பேசுவோம்னேன். கதவோரமே நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டா. அவ மட்டுமில்ல, ஒருத்தரும் என் ரூமுக்குள்ள வர மாட்டேங்குறாங்க. நான் என்ன, கடிச்சா தின்னுடப்போறேன்?"



"ரூமைக் காட்டுங்க, பார்ப்போம்."

இதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. கல்லூரியில் தனக்குக் கொடுத்திருந்த அந்த ரூமை அவர் பார்த்துப் பார்த்துச் சோடித்திருந்தார். போனை மேஜைமேல் மெல்ல நகர்த்திக் காட்டினார். மகள் கல்யாணப் படம். குற்றாலத்தில் குடும்பமே நனைந்துகொண்டு நிற்கிற படம். ஊர்த் தேர். பேரன் மொட்டை போட்ட அன்றைக்கு எடுத்தது. எல்லாம் கண்ணாடிச் சட்டத்தில், தோளோடு தோள் ஒட்டி, நிமிர்ந்து நின்றன.

"எப்படிம்மா இருக்கு? இங்க வந்து உட்கார்ந்தா நம்ம வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கும்."

"ரொம்ப நல்லாயிருக்கு. என்னையும் ஒரு நாற்காலியில உட்கார வையுங்களேன்."

"எதுலம்மா?"

"அந்தப் பொண்ணு வந்தா எதுல உட்காருவாளோ, அதுல."

எதிர் நாற்காலியில் தடிப் புத்தகங்களை அடுக்கி, போனை அதன்மேல் சாய்த்து வைத்தார். பிறகு சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"உட்கார்ந்தாச்சா வாத்தியாரே?"

"ஆச்சும்மா."

"எங்க?"

"இங்கதான், உங்களுக்கு நேர் எதிர்ல."

"அட்டையும் ஆணியுமாத் தெரியுது. உங்களைக் காணோமே!"

தெய்வநாயகம் எழுந்து போய், அந்த நாற்காலிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். சட்டங்களின் முதுகுகள் சுவர் மாதிரி நின்றன. ஒன்றில் கடைக்காரன் ஒட்டின விலைச்சீட்டுகூட அப்படியே இருந்தது.

"ஐயோ, இத்தனை நாளா இது தோணாமப் போச்சே! எல்லாத்தையும் எடுத்துடறேம்மா."

"எதுக்கு எடுக்கணும்? வீட்டாளுங்க மேல பாசம் இருக்கிறது ஒரு தப்பா? அது பாட்டுக்கு இருக்கட்டும். பஸ் கிளம்பிருச்சா?"

"இல்லம்மா, இன்னும் நேரமிருக்கு."

போனை எடுத்தவர், செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார்.

"நான் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடறேன். கெஞ்சிக் கூத்தாடியாவது அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடறேன்."

"நல்லது, ஓடுங்க. அங்க வரிசையா பஸ் நிக்குமே வாத்தியாரே, எந்த ஊருக்குப் போறதுல அவளைத் தேடுவீங்க?"