பைக்குள்ள ஒரு கீரி

ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தாங்க. ராஜா இல்லடி, ராணியும் இல்ல, ரெண்டாங்கிளாஸ் டீச்சர். பேரு மரகதவல்லி. வேணாம்னா வேணாம்தான், அவ்வளவு பிடிவாதம். நீ 'ம்' கொட்டணும், சொல்லிட்டேன். கொட்டலைன்னா கதை பாதியிலயே படுத்துக்கும்.

ம். அப்படி வா வழிக்கு.

ஒரு நாள் அந்த ஸ்கூலுக்கு ஜீப்பு வந்துச்சு, டர்ர்ர்ருனு. ஜீப்புலேருந்து ஒரு ஆபீசரும், தடால்னு ஒரு பெட்டியும் இறங்குச்சு. பெட்டி நிறைய நாப்பது கதைப்புத்தகம். "இதெல்லாம் வகுப்புக்கு ஆகுமா ஆகாதான்னு பாத்து எல்லாரும் கையெழுத்து போடுங்க. நாலு மணிக்கு நான் கிளம்பணும்"னாரு ஆபீசர். கையில ஒரு படிவம், கட்டம் கட்டமா.

அப்புறம் எல்லாரும் வட்டமா உக்காந்தாங்க. அந்த ஸ்கூல்ல ஒரு பழக்கம். எந்தப் புத்தகம் வந்தாலும் மூணாங்கிளாஸ் குருசாமி சார்தான் எந்திரிச்சு நின்னு கணீர்னு படிப்பாரு. மத்தவங்க காதால கேட்டு மார்க் போடுவாங்க. புத்தகம் அவரு மூஞ்சியப் பாத்து இருக்கும், வேற யாருக்கும் தெரியாது. சுற்றறிக்கைய அப்படிப் படிச்சாச் சரி. படக்கதைய அப்படிப் படிச்சா? கூறுகெட்ட பழக்கம்!

முப்பத்தொம்பது புத்தகம் மளமளன்னு முடிஞ்சுது. நாப்பதாவதா ஒண்ணு. மினுக்கின்னு ஒரு பொண்ணு. அவ வீட்டுக் கிணத்துக்கு ரெக்கை மொளைக்குது. பட பட பட! அது மேல ஏறி மழையத் தேடிப் போறா. மரகதவல்லி டீச்சருக்குக் கேக்கும்போதே கை துறுதுறுன்னுச்சு, எப்படா பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்னு.

அப்போ ஹெட்மாஸ்டர் சங்கரபாண்டி சார் தொண்டையக் கனைச்சாரு. "கிணறு எங்கயாவது பறக்குமா? நாளைக்கு அறிவியல் பரீட்சையில எழுதி வைப்பானுங்க."

"பறக்காதுன்னு அதுங்களுக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் கேக்குதுங்க."

"இருந்தாலும் வேணாம். கையெழுத்து போடுங்கம்மா, ஆகாதுன்னு."

"போட மாட்டேன்."

ம் சொல்லு. அது ஒண்ணு.

அப்புறம் குருசாமி சாரு. "நீதின்னு ஒரு கட்டம் இருக்கே டீச்சர், இந்தக் கதையில நீதி எது? என்னத்த எழுதுறது?"

"கதை நல்லாருக்குன்னு எழுதுங்க."

"அது நீதியா?"

"எனக்கு அது போதும். போட மாட்டேன்." அது ரெண்டு.

மூணாவதா ஆபீசரு. அவரு கத்தல, மெதுவாத்தான் கேட்டாரு. "கடைசி வரியக் கேட்டீங்களாம்மா? 'மினுக்கி தனியாக இருட்டுக்குள் போனாள்.' அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. இங்க பாதிப் பிள்ளைங்களோட அம்மா அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில கிடக்காங்க. அதுங்ககிட்ட போய் இதைப் படிக்கணுமா?"

டீச்சருக்குச் சுருக்குன்னுச்சு. முன் வரிசை முத்தரசி ஞாபகத்துக்கு வந்துட்டா. அவ அம்மாவும் திருப்பூர்லதான். மாமா வீட்ல இருக்கா. சாயங்காலம் எல்லாரும் ஓடுவாங்க, அவ மட்டும் கடைசியா நடப்பா. இதைக் கேட்டு அந்தப் புள்ள அழுதா என்ன பண்றது?

அதுக்காக அடங்கிடுவாங்களா? "பிள்ளைங்க புத்தகத்த பிள்ளைங்க பாக்காம நாம எப்படி வேணாம்னு சொல்றது? நான் கிளாஸ்ல படிக்கிறேன். ஒரே ஒரு புள்ள அழுதாலும் ஆகாதுன்னு கையெழுத்து போடுறேன்"னாங்க.

"நாலு மணிக்குக் கையெழுத்து வரலைன்னா பெட்டியோட திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். நாப்பதும் போயிடும்."

"போனாப் போகட்டும் சார். பாக்காம போட மாட்டேன்." அது மூணு!

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ டீச்சர் விறுவிறுன்னு கிளாசுக்குப் போனாங்க. பின்னாலயே ஹெட்மாஸ்டரும் ஆபீசரும் வாசப்படியில வந்து நின்னாங்க. டீச்சர் படத்தப் பிள்ளைங்க பக்கம் திருப்பித் தோள்மேல புடிச்சுக்கிட்டு, தலையச் சாய்ச்சு எழுத்த மட்டும் பாத்துப் படிச்சாங்க. கிணறு சர்ர்ருனு பறந்துச்சு. பிள்ளைங்க பக்கத்துக்குப் பக்கம் குசுகுசுன்னு எதையோ காட்டிக்கிட்டுச் சிரிச்சுதுங்க. "என்ன சிரிப்பு?"ன்னு அதட்டிட்டு டீச்சர் மேல படிச்சாங்க.

கடைசிப் பக்கம் வந்துச்சு. டீச்சர் ஓரக்கண்ணால முத்தரசியப் பாத்துக்கிட்டே படிச்சாங்க. "மினுக்கி... தனியாக... இருட்டுக்குள் போனாள்."

முத்தரசி எந்திரிச்சா. போச்சு, அழப்போறான்னு டீச்சர் நெனச்சாங்க.

"டீச்சர், தப்பாப் படிக்கிறீங்க."

"எதுடி தப்பு?"

"தனியான்னு படிக்கிறீங்க. கூடவே கீரி போகுதுல்ல? பைக்குள்ள பாருங்க, வாலு!"

"மொதப் பக்கத்துலேருந்தே இருக்கு டீச்சர்!"னு மொத்தக் கிளாசும் கத்துச்சு.

டீச்சர் புத்தகத்தத் திருப்புனாங்க. மினுக்கியோட துணிப்பை. அதுலேருந்து புசுபுசுன்னு ஒரு வாலு. அய்யோ! இவ்வளவு சண்டை போட்டவங்க அவங்களும் பாக்கலடி, வெக்கமாப் போச்சு. ஹெட்மாஸ்டர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஓடி வந்தாரு. ஒவ்வொரு பக்கமா, "இதுல எங்க?"ன்னு தேடுறாரு. "அங்க சார், கிணத்து உருளைக்குப் பின்னால! சார், உங்க விரலுக்கடியில சார்!"

ஆபீசர் படிவத்தப் புரட்டுனாரு. "படத்துக்குன்னு இதுல கட்டமே இல்லையேம்மா."

டீச்சர் செவப்புப் பேனாவ எடுத்து சரக் சரக்குன்னு நாலு கோடு போட்டாங்க. "இப்போ இருக்கு சார். மார்க் போடுங்க."

போட்டாரு. போடாம? டீச்சரும் அப்புறம்தான் கையெழுத்து போட்டாங்க, 'ஆகும்'னு. ஜீப்பு பெட்டிய விட்டுட்டு டர்ர்ருனு போயிடுச்சு.

சாயங்காலம் மணி அடிச்சுது. எல்லாரும் ஓடுனாங்க. முத்தரசி கடைசியாத்தான் வந்தா, எப்பவும் போல. ஸ்கூல் கேட்டுகிட்ட வந்ததும் நின்னா. முதுகுப்பைய முன்னால இழுத்து, ஜிப்ப கொஞ்சூண்டு தொறந்து விட்டா, வாலு நசுங்கக்கூடாதுன்னு. அப்புறம் கைய வீசிக்கிட்டு மாமா வீட்டுக்கு நடந்தா.

ம்...? சத்தத்தக் காணோம். கதையும் முடிஞ்சாச்சு, பைக்குள்ள கீரியும் சுருண்டாச்சு. நீயும் சுருண்டு படு.