நாலாவது தட்டு

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு இருந்தது. சுவரில் ஒட்டிக்கொண்டு பூச்சி தின்பதோடு சரி என்று இல்லை, நம்மைப் போலவே பேசும். நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பேசும். அதில்தான் வந்தது வினை.

அதன் வாலும் அப்போது இத்தனை லேசில் கழன்று விழாது. கம்பி மாதிரி உறுதியான வால். நெடுக வளையம் வளையமாகக் கோடு இருக்கும். ஒரு வளையம் ஒரு தலைமுறை. வேலங்கரடு என்ற ஊரில், சாவடித் தூணில் அப்படி ஒரு பல்லி இருந்தது. யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் இரண்டு வீட்டாரும் அதன் முன்னால் வந்து உட்காருவார்கள். பல்லி வாலை முன்னால் வளைத்து, வளையத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லும். அப்பன் இன்னார், பாட்டன் இன்னார், பூட்டன் இன்னார் என்று போகும். இரண்டு வரிசையிலும் ஒரே ஆள் வந்துவிட்டால் போச்சு, அவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை. அவள் கழுத்தில் தாலி கட்ட முடியாது.

உள்ளதைச் சொன்னால், பல்லிக்கு மூன்று வளையம்தான் தெரியும். அப்பனை அது கண்ணால் பார்த்திருக்கும். பாட்டனைப் பற்றி அப்பன் சொல்லக் கேட்டிருக்கும். பூட்டன் கதை, பாட்டன் சொன்னதாக அப்பன் சொன்னது. அதற்கு மேலே கும்மிருட்டு. "அதுக்கு மேல தெரியலையப்பா" என்றுதான் அதுவும் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் விடுவார்களா?

பேயாண்டி என்று ஒருத்தன். நிலபுலன் உள்ளவன், வீம்புக்காரன். மகன் பிறந்த சந்தோஷத்தில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய ஈசலைக் கொண்டுவந்து தூணடியில் வைத்தான்.

"ஆடு மேய்க்கிறவனுக்கும் மூணு பேரு, எனக்கும் மூணு பேரா? மேல புலியடிச்சவன் எவனாவது இருந்திருப்பான். நல்லா யோசிச்சுப் பாரு" என்றான்.

பல்லி ஈசலைப் பார்த்தது, யோசித்தது. நாலு, ஐந்து என்று வாய்க்கு வந்த பெயர்களை அடுக்கி, எட்டாவதாக, "முத்திருளாண்டி. வெறுங்கையால புலியை அடிச்சவரு" என்றது. பேயாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். மறுநாளே ஆளுக்கொரு கொட்டாங்கச்சி ஈசலோடு சாவடியில் கூட்டம். எனக்கு எட்டு, உனக்குப் பத்து என்று பல்லி வாரி வழங்கியது. செத்தவன் பெயர்தானே, எழுந்து வந்து கடிக்கவா போகிறான் என்று நினைத்துவிட்டது. அட பாவி!

ஒய்யப்பன் என்ற ஒருத்தன் மட்டும் மூன்றோடு போதும் என்று இருந்துவிட்டான். அவனும் செத்துப் போனான். அவன் பெண்டாட்டி வெள்ளையம்மாள் ஒரே மகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். மகள் பெயர் செண்பகம்.

இருபது வருஷம் ஓடியது. பேயாண்டி மகன் கொம்பையாவுக்குச் செண்பகத்தின் மேல் ஆசை, அவளுக்கும்தான். ஆசை கொஞ்சம் முந்திக்கொண்டது. செண்பகத்துக்கு வயிற்றில் மூன்று மாதம். அது அவர்கள் இருவருக்கும் வெள்ளையம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். சட்டுப்புட்டென்று கல்யாணம் முடிந்தால் பிள்ளைக்கு அப்பன் பெயர் கிடைக்கும். வெள்ளையம்மாள் ஓடியாடிப் பேச்சை முடித்து, சித்திரை மாதம் ஒரு காலையில் எல்லாரையும் சாவடியில் உட்காரவைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வரிசையைப் பல்லி எட்டுவரை சொன்னது. பேயாண்டி மீசையைத் தடவிக்கொண்டான். பெண் வீட்டுக்கு, "அப்பன் ஒய்யப்பன், பாட்டன் சடையன், பூட்டன் வீரணன்" என்று சொல்லி நிறுத்தியது.

"அம்புட்டுத்தாண்ணே. எங்க வீட்டுக்காரரு மூணோட நிறுத்திக்கிட்டவரு" என்றாள் வெள்ளையம்மாள்.

"அதெப்படித் தங்கச்சி? எட்டுக்கு எட்டு இருந்தாத்தானே எனக்குக் கௌரவம்? நீ மேல சொல்லு பல்லி" என்றான் பேயாண்டி.

ஊருக்கெல்லாம் வழங்கி வழங்கிப் பல்லியிடம் பெயர்கள் தீர்ந்து போயிருந்தன. தட்டுத்தடுமாறி ஏழுவரை ஒப்பேற்றியது. எட்டாவது வளையத்தில் நாக்கு பழகின பக்கமே போய்விட்டது.

"முத்திருளாண்டி."

கூட்டத்தில் யாரோ, "அடேய், பங்காளிகடா!" என்று கத்தினார்கள்.

வெள்ளையம்மாள் எழுந்து ஓடித் தூணைக் கட்டிக்கொண்டாள். "ஐயா பல்லி, நல்லாப் பாரு. அந்த எட்டாவது வளையம் உனக்கு நெசமாத் தெரியுமா? தெரியாட்டித் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. என் மக வயித்துல மூணு மாசமய்யா!"

பதற்றத்தில் வாயை விட்டுவிட்டாள். கூட்டம் முழுவதும் செண்பகத்தின் பக்கம் திரும்பியது. பேயாண்டிக்கு அந்த ஈசலும் கொட்டாங்கச்சியும் ஞாபகம் இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனால் புலியடித்தவன் போய்விடுவானே என்று தலையைக் குனிந்துகொண்டான். பல்லி எல்லார் முகத்தையும் பார்த்தது. இப்போது தெரியாது என்றால் இருபது வருஷத்துப் பேச்சும் பொய்யாகிவிடும், அப்புறம் எவன் மதிப்பான்?

"பல்லி பொய் சொல்லுமா?" என்றது.

அவ்வளவுதான். அண்ணனும் தங்கச்சியும் கூடின பாவம் ஊரில் மழை பெய்யவிடாது என்று பேசினார்கள். உச்சிப்பொழுதுக்குள் இருவரும் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும், யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்று நாள் நடைக்கு வெறும் கரடு, கிணறு கிடையாது. எல்லைக்கல்லில் கொம்பையா திரும்பிப் பார்த்தான்.

"வர்றோம் அத்தை" என்றான்.

"அத்தை இல்லடா, சின்னம்மான்னு சொல்லு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் சொல்லவில்லை. செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னால் ஓடிய வெள்ளையம்மாளை நாலு பேர் பிடித்து வீட்டுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள்.

நான்காம் நாள் ஆட்டுக்காரன் ஒருத்தன் சேதி கொண்டுவந்தான். கரட்டில் ஒரு வேலமரத்தடியில் இரண்டு பேரும் கிடந்தார்கள். அவன் தலைத்துண்டு அவள் முகத்தில் போர்த்தியிருந்தது. பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தது, தண்ணீருக்காக. இருவர் விரலிலும் நகமில்லை.

கதவைத் திறந்துவிட்டதும் வெள்ளையம்மாள் நேரே சாவடிக்கு வந்தாள். ஊரும் பின்னாலேயே வந்தது. அவள் அழவில்லை. தூணுக்கு முன்னால் போய் நின்றாள். பல்லிக்குத் தாங்கவில்லை.

"ஆத்தா, மூணுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. முத்திருளாண்டின்னு ஒருத்தன் பொறக்கவே இல்லை. ஈசலுக்காகச் சொன்னேன்."

பேயாண்டி மண்ணில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டான். யாரும் அவனைத் தூக்கவில்லை.

"அன்னைக்குக் கேட்டேனே, அப்ப ஏன் சொல்லலை?" என்றாள் வெள்ளையம்மாள்.

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க ஆத்தா."

அவள் கையை நீட்டி அதன் வாலைப் பிடித்தாள். "இந்த வாலுதானே எம்புள்ளையைக் கொன்னுச்சு" என்று ஓர் இழுப்பு. கம்பி மாதிரி இருந்த வால் ஒடிந்து கீழே விழுந்து, அங்கேயும் இங்கேயும் துள்ளித் துடித்தது. பல்லி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. ச்சு ச்சு, ச்சு ச்சு என்று உச்சுக்கொட்ட மட்டும்தான் வந்தது. பிறகு அதற்கு வால் முளைத்தது, ஆனால் மொழுமொழுவென்று, ஒரு வளையமும் இல்லாமல்.

வெள்ளையம்மாள் தரையில் உட்கார்ந்தாள். விரலை மடக்கிச் சாவடித் தரையில் தட்டினாள்.

"அப்பன்" என்று ஒரு தட்டு. "பாட்டன்" என்று ஒரு தட்டு. "பூட்டன்" என்று ஒரு தட்டு.

ஊரை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு மேல எவனாவது ஒரு பேரைச் சொன்னா, அந்தப் பேரைத் தூக்கிக்கிட்டு என் மக கிடந்த எடத்துக்குப் போயி, அவகிட்டச் சொல்லுங்க."

தூணில் பல்லி உச்சுக்கொட்டியது, ஊர் ஒவ்வொருத்தராக உட்கார்ந்து தரையில் மூன்று தட்டுத் தட்டியது.

பல்லி இன்றைக்கும் செண்பகத்தை நினைத்துத்தான் உச்சுக்கொட்டுகிறது. நம் ஆட்களுக்கு அது தெரியாது. சத்தம் கேட்டால், "பல்லி சொல்லிவிட்டது, நடந்துவிடும்" என்பார்கள். ஆனால் கை மட்டும் மறக்கவில்லை. பல்லிச் சத்தம் கேட்டால் விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டுகிறோமே, அது அன்று முதல்தான். நாலாவது தட்டுக்கு இதுவரை யாரும் விரலைத் தூக்கியதில்லை.