உளுந்து ஆட்டிய எழுத்தாளர்

கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனிக்கு விளம்பரம் எழுத இரண்டு பேர் வந்தார்கள். பூங்கோதை சமையல் சாமான்களைப் பற்றி மட்டும் எழுதுபவள். தயாபரன் எதையும் எழுதுபவன். முதலாளியம்மா அவளை முதலில் கூப்பிட்டதே அவனுக்கு வயிற்றெரிச்சல்.

"கிரைண்டருக்கெல்லாம் தனியா ஒரு எழுத்தாளரா? நான் பேங்க், கார், மருந்து எல்லாம் எழுதுறவன்!" என்றான்.

"பெரிய விஷயம்ண்ணா. நீங்க எழுதுனபடியே மாவாட்டிப் பார்க்கலாமா?" என்றாள் பூங்கோதை.

அவன் கொண்டுவந்த மாதிரி விளம்பரத்தில் 'உளுந்தோடு தண்ணீரை மொத்தமாக ஊற்றவும்' என்று எழுதியிருந்தான். அப்படியே ஆட்டினார்கள். மாவு பொங்காமல் மோராக ஓடியது.

"தெளிச்சுத் தெளிச்சுல்ல ஆட்டணும்!" என்று தலையில் அடித்துக்கொண்ட முதலாளியம்மா, வேலையைப் பூங்கோதைக்கே கொடுத்தார்.

வாசலில் தயாபரன் பூங்கோதையிடம் மெல்லக் கேட்டான்: "உளுந்து எவ்வளவு நேரம் ஊறணும்மா?"

"சொல்லிட்டா நீங்களும் கிரைண்டருக்கு எழுத வந்துடுவீங்களேண்ணா!"