லீடரின் கைக்கு முன்னால்

சினிமாப் பாடல்களுக்குக் கீபோர்டு சத்தங்களை அமைத்துக் கொடுப்பவர் பூங்கோதை. அவரிடம் பாடம் கேட்க வந்த கதிரேசன் அவரைவிட வயதில் மூத்தவர். சொந்தமாக மெல்லிசைக் குழு நடத்துபவர். லீடரின் கை விழாமல் வேறு யாரும் கீபோர்டின் கட்டையில் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் சட்டம். சட்டம் போட்டவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று அவர் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

“மாஸ்டர், ஜெயசிங்கை நிப்பாட்டிட்டேன். இனிமே வராதேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.”

ஜெயசிங் குழுவின் இரண்டாவது கீபோர்டுக்காரர். கதிரேசன் பியானோ சத்தத்தில் வாசிக்க, அதே சுரங்களை அவர் வயலின் சத்தத்தில் சேர்த்து வாசிப்பார்.

“என்ன தப்பு பண்ணினாரு?”

“நீங்களே பாருங்க.”

கதிரேசன் கச்சேரிப் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தார். யார் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார்கள் என்று திரையில் சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. ஜெயசிங்கின் கோடு ஒவ்வொன்றும் கதிரேசனின் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றது.

“பாட்டு முழுக்க முந்திரிக்கொட்டை மாதிரி! எத்தனை வருஷமா இந்தத் திமிரோ?”

பூங்கோதை மவுஸைக் கையில் எடுத்தார். ஜெயசிங்கின் கோடுகளை எல்லாம் இழுத்து, கதிரேசனின் கோடுகளோடு நேராகப் பொருத்தினார்.

“இப்ப சரியா?”

“இப்பதான் மாஸ்டர் பாக்க லட்சணமா இருக்கு.”

“கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.”

பாட்டு ஓடியது. பியானோ பளிச்சென்று விழுந்தது. வயலின்கள் அதற்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தன. ஒவ்வொரு சுரத்திலும் இதே கதை. பாட்டே நொண்டியது.

“நிறுத்துங்க! கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு.”

“கோளாறெல்லாம் இல்லைங்க. பியானோ தட்டின உடனே கேக்கும். இந்த வயலின் சத்தம் மெதுவாத்தான் எழும்பும்.”

கோடுகளைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு மறுபடி ஓடவிட்டார். இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து அறையை நிறைத்தன. கச்சேரிக்குக் கச்சேரி ஜனங்கள் கைதட்டியது இந்தச் சத்தத்துக்குத்தான். கதிரேசன் கைராசி என்று போஸ்டரில் போடாத குறை.

“கை தவறி முந்தியிருப்பான்,” என்றார் கதிரேசன்.

பூங்கோதை அடுத்த பாட்டைத் திறந்தார். அதில் ஜெயசிங் வாசித்தது மணிச் சத்தம். தட்டியதும் ஒலிப்பது. அவருடைய கோடுகள் லீடரின் கோடுகளோடு ஒட்டி நின்றன. ஒன்றுகூட முந்தவில்லை.

ஜெயசிங் தெரிந்தேதான் செய்திருக்கிறார். இத்தனை வருஷமாகத் தான் வாங்கிய பேரில் எவ்வளவு தன்னுடையது என்று நினைக்கவே கதிரேசனுக்குப் பயமாக இருந்தது.

“ஐயோ மாஸ்டர்... அத்தனை பேர் முன்னாடி அவனை...” எழுந்து செருப்பைத் தேடினார். “இப்பவே போறேன். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடுறேன்.”

“கூட்டிட்டு வாங்க,” என்றார் பூங்கோதை. “வந்தா, மறுபடியும் உங்களுக்கு முன்னாடிதான் கை வைப்பாரு. தாங்குவீங்களா?”