யானையைப் பார்த்து வந்த ஓணான்

வனவிலங்குப் பூங்காவின் மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் உச்சிக்கிளையில் ஓர் அணில், பெயர் வரிக்குட்டி. அடிமரத்தில் ஓர் ஓணான், பெயர் சொங்கப்பன். வேரோரப் பொந்தில் மஞ்சக்கண்ணி என்ற மைனா.

புயலில் மஞ்சக்கண்ணியின் சிறகு ஒடிந்துவிட்டது. இனிமேல் பறக்கவே முடியாது. அந்த ஏக்கத்தில் நாலு நாளாக ஒரு புழுவைக்கூடத் தொடவில்லை. இப்படியே போனால் பிழைக்கமாட்டாள்!

"உனக்கு என்னதான் வேணும், சொல்லுக்கா!" என்று வரிக்குட்டி கெஞ்சினான்.

"அந்தப் பக்கம் யானை இருக்குதாமே. ஒரு தடவை பார்க்கணும்னு ஆசைடா. நான் எங்க போறது? நீங்க ரெண்டு பேருமாவது பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன்."

"யானை என்னக்கா யானை! மொத்தப் பூங்காவையும் பார்த்துட்டு வந்து சொல்றேன்!"

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மனிதர் கூட்டம் இருக்காது. அன்று காலையிலேயே அணிலும் ஓணானும் மதிலேறிக் குதித்தார்கள்.

வரிக்குட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. புலி கொட்டாவி விடத் தொடங்கியது. அது முடிக்கும்வரை நிற்க அவனுக்கு ஏது நேரம்? ஒட்டகச்சிவிங்கியின் காலைப் பார்த்தான். தலைவரைக்கும் அண்ணாந்து பார்க்கப் பொறுமையில்லை. கரடியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதனாலென்ன, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டான்!

சொங்கப்பனோ யானைக் கொட்டடியின் முன்னால் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

"வாய்யா! இன்னும் எவ்வளவோ இருக்கு!"

"நீ போ. நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

"அதான் யானையைப் பார்த்தாச்சே! மசமசன்னு உட்கார்ந்திருந்தா எப்போ முடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு அணில் ஒரே ஓட்டம்.

சாயங்காலம் வரிக்குட்டி மூச்சிரைக்கப் பொந்துக்கு வந்தான். சொங்கப்பனும் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

"அக்கா! நாற்பத்தேழு மிருகம்! ஒண்ணு விடலை!"

மஞ்சக்கண்ணி மெல்லக் கண் திறந்தாள். "யானை எப்படிடா இருந்துச்சு?"

"பெரிசா இருந்துச்சு."

"அப்புறம்?"

"ரொம்பப் பெரிசா இருந்துச்சு!"

"அது கண்ணு எப்படி இருந்துச்சு?"

வரிக்குட்டி விழித்தான். கண்ணையா? அதை யார் பார்த்தது? மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது சொங்கப்பன் தொண்டையைச் செருமினான்.

"கண்ணு சின்னதுதான் தாயி. ஆனா ஓரத்துல நீள நீளமா முடி. மூச்சு விட்டுச்சு பாரு, தரைப் புழுதியெல்லாம் எழும்பிடுச்சு! அவ்வளவு பெரிய உடம்பு, நடந்தா சத்தமே இல்லை. புழுதிக்குத் தலையைக் குனிஞ்சிருந்தேனா, அது வெளிய வந்து பக்கத்துல நின்னதே எனக்குத் தெரியலை. நிமிர்ந்து பார்த்தா, தலைக்கு மேல கால்! ஐயோ, செத்தோம்னு கண்ணை மூடிட்டேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"கால் இறங்கவே இல்லை. கண்ணைத் திறந்தேன். அது குனிஞ்சு என்னையே பார்க்குது. தூக்கின கால் அந்தரத்துல அப்படியே நிக்குது. நான் நகர்ந்து ஓரமாப் போறவரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் வச்சுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு தாயி."

"அவ்வளவு பெரிசு... உனக்காகவா நின்னுச்சு?"

"இந்தச் சொங்கிப் பயலுக்காகத்தான்!"

மஞ்சக்கண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தரத்தில் நின்ற யானையின் காலை அவள் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றாள்.

"அது என்ன தின்னுச்சு?"

"சோளத்தட்டை. கட்டுக் கட்டா!"

"எனக்கும் பசிக்குதுடா" என்றாள் மஞ்சக்கண்ணி.

'நானும் அங்கேதானே போனேன்!' என்று வரிக்குட்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சந்தோஷம் தாங்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு புழு தேடி ஓடினான்.

ஓடி ஓடி நூறைக் கண்டவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒன்றின் முன்னால் நின்று கண் நிறையப் பார்த்தவரே அடுத்தவருக்கும் அதைக் காட்ட முடியும்.