பட்டியலில் இன்னொரு போன்

பெர்சி டீச்சரிடம் கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலை கற்றுக்கொண்டவர் பொன்னுத்துரை. குருவுக்கு முப்பத்து மூன்று வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. அதில் சீடருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வயரிங்கில் முப்பது வருஷம் ஓட்டியவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தார்.

ஒருநாள் சங்கடமான முகத்தோடு வந்தார்.

பாளையங்கோட்டையில் சுயம்புலிங்கம் என்று ஓய்வுபெற்ற கண்டக்டர். இடுப்பெலும்பு முறிந்து இப்போதுதான் எழுந்து நடக்கிறார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் வடிவு, அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பொன்னுத்துரையை வைத்துக் கேமரா மாட்டினாள். பெரியவரோ அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். இனியும் மூடினால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அவரோ இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறார்.

“கேமரால ஒரு கோளாறும் இல்ல டீச்சர். அவருக்கு எப்படிப் புரியவைக்க?”

“ஏன் மூடுதாருன்னு கேட்டீங்களா அண்ணே?”

கேட்கவில்லை.

இருவரும் போனார்கள். டீச்சர் கேட்டதும் பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் பார்க்காத நேரத்திலும் கேமரா தானாகத் திரும்புகிறதாம். வேட்டி மாற்றும்போதுகூட ஒருநாள் திரும்பியதாம். வெளியே சொன்னால் புத்தி பிசகிவிட்டது என்பார்களே என்று துண்டைப் போட்டுவிட்டார்.

டீச்சர் துண்டை எடுத்துவிட்டுத் தெருவுக்குப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து தன் போனைப் பொன்னுத்துரையிடம் நீட்டினார். அதில் பெரியவரின் கட்டில் தெரிந்தது.

பொன்னுத்துரைக்கு விஷயம் புரிந்தது. மகள் வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டவர் அவர்தான். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையும் மாற்றவில்லை. எவன் வேண்டுமானாலும் வந்து பார்த்திருக்கலாம்.

அவரே டீச்சரின் லேப்டாப்பில் உட்கார்ந்து அந்த வழியை அடைத்தார். பாஸ்வேர்டை மாற்றினார். டீச்சர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல ரூட்டரில் வி.பி.என். போட்டார். இனி அனுமதி கொடுத்த போன் மட்டும் வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து கேமராவைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அப்படி ஒரு கேமரா இருப்பதே தெரியாது.

மஸ்கட்டில் வடிவின் போனில் அப்பா கையசைத்தார். நடந்ததைக் கேட்டு அவள் அழுதேவிட்டாள். இல்லம் பற்றிய பேச்சை இனி எடுக்கமாட்டேன் என்றாள்.

“அப்போ எனக்குக் கிறுக்கு இல்ல” என்றார் பெரியவர். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

டீச்சர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். உள்ளே வர அனுமதி பெற்ற போன்களின் பட்டியல் அது. இரண்டு போன்கள் இருந்தன.

“ஒண்ணு வடிவு. இன்னொண்ணு யாருவே?” என்று கேட்டார் பெரியவர்.

பொன்னுத்துரையுடையது. பழுது வந்தால் இருந்த இடத்திலிருந்தே சரிசெய்யலாமே என்று எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று வைத்துக்கொள்வார். நல்லெண்ணம்தான். அதைச் சொல்ல வாயெடுத்தவர் பெரியவர் முகத்தைப் பார்த்தார். தன் போனை அவரே பட்டியலிலிருந்து நீக்கினார்.

பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பி போடப் போனார்.

குடித்துவிட்டு இறங்கும்போது பொன்னுத்துரைக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

“நாளைக்கு ஏதாவது பழுதுன்னா நான் எப்படி டீச்சர் உள்ள போவேன்?”

“கதவைத் தட்டிட்டு நில்லுங்க அண்ணே. அவரு மெதுவாத்தான் நடந்து வருவாரு.”