கயலின் ஐம்பது

அன்று காலை உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள் பத்துப் பேர்: கபடி ஆடும் பெண்கள் எட்டு, கோச் தங்கமாரியப்பன், தரை துடைக்கும் பேச்சியம்மாள்.

போட்டிக்கு ஏழு பேர்தான் போகலாம். பெண்களின் கைக்கடிகாரங்கள் காட்டிய எண்களைக் கோச் வாசித்தார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் எண் அது. கூடினால் உடம்பு தயார் என்பது அவர் கணக்கு.

“செண்பகம் முப்பத்தெட்டு. எல்லாரையும்விடக் கம்மி. நீ வீட்டுக்குப் போ.”

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சியம்மாளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

“சார், உங்க கடிகாரத்துல எவ்வளவு?”

“இருபத்தொண்ணு.” பெண்கள் அவரையே பார்த்தார்கள். “எனக்கு எப்பவும் அதுதாம்மா. என் உடம்பு வாகு அப்படி.”

“தினமும் நீங்க வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டுத்தான் துடைக்கிறேன் சார். செண்பகத்துக்கும் எப்பவும் முப்பத்தெட்டுதான். எழுபதுக்குக் குறையாத கயலுக்கு இன்னைக்கு ஐம்பதுன்னீங்க. அதுதான் எனக்குப் புரியல.”

கோச்சுக்கும் புரியவில்லை. கயலைக் கேட்டார்.

“ராத்திரி பூரா காய்ச்சல் சார். சொன்னா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லல.”

நெற்றியைத் தொட்டார். சுட்டது.

செண்பகத்தையும் சேர்த்து ஏழு பெண்களும் கோச்சும் வேனில் ஏறினார்கள். பேச்சியம்மாள் கயலுக்குக் கஞ்சி வைக்கக் கூடத்து அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்தில் மீதி இரண்டு பேர்.